பெயர் தெரியாத கருவி, புரியாத பாகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பட்டறையைக் காலி செய்யும்போது, மண்ணைத் தோண்டும்போது, யாரோ விட்டுப்போன கருவிப்பெட்டியைத் திறக்கும்போது, பெயர் தெரியாத ஏதாவது ஒன்று கையில் அகப்படும். பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

என்னவென்றே தெரியாத ஒரு இரும்புச் சாமான் கிடைத்திருக்கிறது. முதல் வேலை என்ன?

அப்படியே வையுங்கள். கழுவாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள், மண்ணெண்ணெயில் ஊறப்போடாதீர்கள். மேலே ஒட்டியிருப்பது வெறும் அழுக்கு என்று தோன்றும். ஆனால் பல நேரம் அது அந்தச் சாமான் செய்த வேலையின் மிச்சம். பல்லிடுக்கில் காய்ந்த மெழுகு, ஓட்டைக்குள் உறைந்த கிரீஸ், முனையில் கரி, பள்ளத்தில் ஈயத் துணுக்கு என்று இதில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். கம்பி பிரஷ் இன்னொரு கெடுதலும் செய்கிறது. உழைத்துப் பளபளத்த இடத்தையும் உழைக்காத இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சாமானிடம் கேட்க அதிகம் இருக்காது.

அப்புறம், எங்கே கிடைத்தது, பக்கத்தில் வேறு என்னென்ன கிடந்தன என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். அதே பெட்டியில் ரம்பங்கள் இருந்தனவா, தோல் வேலைச் சாமான்கள் இருந்தனவா என்பது பிறகு பெரிய தடயமாக வரும். படம் எடுத்து, அளந்து, எடை பார்த்து, காந்தம் வைத்துப் பார்த்த பிறகு சுத்தம் செய்யலாம். அதுவும் முதலில் துணியும் லேசான எண்ணெயும் போதும்.

தொடவே கூடாத சாமான்கள் உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரத்தில், கைவிடப்பட்ட கதிரியக்கச் சிகிச்சை நிலையம் ஒன்றிலிருந்து ஒரு இயந்திரத்தின் தலைப்பகுதியை இரண்டு பேர் பழைய இரும்புக்காகக் கழற்றிப் போனார்கள். உள்ளே சீசியம்-137 இருந்த சின்னக் குப்பி. அதைத் திறந்தபோது இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பங்கு போனது. நான்கு பேர் இறந்தார்கள், 249 பேரிடம் கதிரியக்க மாசு கண்டறியப்பட்டது. அத்தனைக்கும் ஆரம்பம், தெரியாத ஒரு பாகத்தை உடைத்துப் பார்த்தது.

ஆகவே, அளவுக்கு மீறிக் கனக்கும் சின்ன உருளை, ஈய உறை போட்ட பெட்டி, மூன்று இதழ் கதிரியக்கச் சின்னம் உள்ள எதுவும் கிடைத்தால் விலகி நின்று அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். 2007-இல் இன்னொரு சின்னமும் வந்தது: சிவப்பு முக்கோணத்துக்குள் கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன். அதற்கும் அதே அர்த்தம்தான்.

குண்டின் மூக்கு போலக் கூம்பி, சுற்றிலும் எண் வளையம் கொண்ட பித்தளை அல்லது அலுமினியப் பாகம் பீரங்கிக் குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸாக இருக்கலாம். எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அதைத் திருகக் கூடாது, நகர்த்தவும் கூடாது. பழைய மீட்டர், கடிகாரம், விமானக் கருவி இவற்றில் பழுப்பேறிய ஒளிரும் எழுத்துகள் இருந்தால் அது ரேடியம் பூச்சாக இருக்கலாம். 1910-கள் முதல் 1960-கள் வரை அது புழக்கத்தில் இருந்தது. இப்போது இருட்டில் ஒளிரவில்லையே என்று தைரியம் கொள்ள வேண்டாம். கெட்டுப்போனது ஒளி தரும் பொருள்தான். ரேடியத்தின் அரையாயுள் சுமார் 1,600 வருடம், அது அப்படியே இருக்கும். கண்ணாடிக் குமிழுக்குள் வெள்ளி நிறத் திரவம் ஓடினால் பாதரசம். முழுதாக மூடிய உருளைக்குள் ஸ்பிரிங்கோ வாயுவோ அழுத்தத்தில் இருக்கலாம் என்று தோன்றினால் அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள்.

வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

சில சமயம் முடியும். பெரும்பாலும் வடிவம் ஏமாற்றும். ஒரு கொக்கி எதை வேண்டுமானாலும் இழுக்கும். ஒரு ஆப்பு எதற்குள் வேண்டுமானாலும் போகும்.

ஒரு உதாரணம். கையளவு நீளம், தட்டையான எஃகுப் பட்டை, ஒரு முனை அகலம், மறுமுனை குறுகல். ஒரு விளிம்பு தட்டை, இன்னொரு விளிம்பு மட்டும் அரைவட்டமாக உருட்டியிருக்கும். நிறையப் பேர் இதை மரம் பிளக்கும் ஆப்பு என்பார்கள், சிலர் உளி என்பார்கள். உளி என்றால் முனை கூராக இருக்க வேண்டும், இங்கே அது இல்லை. ஆப்பு என்றால் ஒரு விளிம்பை மட்டும் மெனக்கெட்டு உருட்ட வேண்டியதில்லை. இது டிரிஃப்ட். துளையிடும் இயந்திரத்தின் ஸ்பிண்டிலில், அதாவது சுழலும் தண்டில், மோர்ஸ் டேப்பர் என்ற கூம்பு வால் வைத்த டிரில் இறுகி உட்கார்ந்திருக்கும். ஸ்பிண்டிலின் பக்கவாட்டில் ஒரு நீள்துளை உண்டு. அதற்குள் இதைச் செருகிச் சுத்தியலால் தட்டினால் டிரில்லின் வாலைத் தள்ளி வெளியே விழச் செய்யும். நீள்துளையின் மேல்முனை வளைவாக இருப்பதால் அதில் பொருந்துவதற்காகத்தான் அந்த ஒரு விளிம்பு உருண்டை.

பதிலைத் தந்தது அந்த உருட்டிய விளிம்பு என்பதைக் கவனியுங்கள். யாரும் காரணமில்லாமல் கூடுதல் வேலை செய்வதில்லை. ஒவ்வொரு ஓட்டைக்கும், வெட்டுக்கும், சரிவுக்கும் யாரோ நேரமும் கூலியும் செலவழித்திருக்கிறார்கள். எதற்காகச் செலவழித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் வடிவம் பேச ஆரம்பிக்கும்.

தேய்மானத்தை எப்படிப் படிப்பது?

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செய்தவர் என்ன நினைத்தார் என்பதை வடிவம் காட்டும். பயன்படுத்தியவர் என்ன செய்தார் என்பதைத் தேய்மானம் காட்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒத்துப்போகாதபோது நான் தேய்மானத்தைத்தான் நம்புவேன்.

வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் சாமானை வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். முதலில் அடிபடும் இடம். தலை காளான் மாதிரி விரிந்து ஓரம் மடிந்திருந்தால் அதைச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். விரியாமல் சுத்தமாக இருந்தால், உளி போலவே இருந்தாலும் அது கையால் தள்ளியதாகவோ மரச் சுத்தியால் தட்டியதாகவோ இருக்கும்.

அடுத்து பளபளப்பு. துணி, தோல், கயிறு, கை இவை உரசிய இடம் மழமழவென்று ஆகும். கயிறும் கம்பியும் ஒரே தடத்தில் ஓடினால் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தின் அகலமே ஓடிய பொருளின் தடிமனைச் சொல்லிவிடும். கல்லும் மண்ணும் உரசினால் கீறல் விழும். கீறல்கள் ஒரே திசையில் இருந்தால் அந்தத் திசையில்தான் கருவி நகர்ந்தது. கீறல்கள் வட்டமாக இருந்தால் சுழன்றது.

பல்சக்கரத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு பக்கம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஒரே திசையில் சுமை தாங்கியது என்று பொருள். இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தால் முன்னும் பின்னும் ஓடிய இயந்திரம். சில பற்கள் மட்டும் தேய்ந்து மற்றவை புதிதாகவே இருந்தால் அது முழுச்சுற்று சுற்றவேயில்லை, ஒரு கோணத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

சூடும் தடம் விடும். எஃகை ஏறக்குறைய 220 முதல் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் வெளிர் வைக்கோல் நிறம் வரும், 300-ஐ நெருங்கும்போது நீலம். முனை மட்டும் நீலமாகியிருந்தால், ஒன்று அதைப் பதப்படுத்தும்போது அப்படி விட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் வேலையிலேயே சூடேறியிருக்கிறது.

கடைசியாகக் கைப்பிடி. மரப் பிடியில் கட்டைவிரல் அழுத்திய குழி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் குழியில் உங்கள் விரலை வைத்துப் பிடித்தால் முனை எந்தத் திசையைப் பார்க்கிறது? வேலைப் பொருள் அங்கேதான் இருந்தது.

கையில் இருப்பது கருவியா, ஏதோ இயந்திரத்திலிருந்து கழன்ற பாகமா?

பிடிக்க இடம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஆனால் அது மட்டும் போதாது. இயந்திரப் பாகமென்றால் இன்னொன்றோடு பொருந்த வேண்டும், அதனால் எங்காவது துல்லியமாகக் கடைந்த முகம் இருக்கும், மற்ற இடமெல்லாம் வார்த்தபடியே கரடாக விட்டிருப்பார்கள். கடைந்த முகத்துக்குத்தான் ஜோடி உண்டு. சமச்சீராக இருக்கும் போல்ட் ஓட்டைகள், உள்துளையில் நீளவாக்கில் வெட்டிய பள்ளம் (கீ வே), எண்ணெய் போகும் சின்னத் துளை, இவையெல்லாம் பாகத்தின் அடையாளம்.

பாகங்களில் அதிகம் பேரைக் குழப்புவது அரைநிலா வடிவில் இருக்கும் சின்ன எஃகுத் துண்டு. அதன் பெயர் வுட்ரஃப் கீ. ஷாஃப்ட்டில் வெட்டிய அரைவட்டக் குழியில் அது உட்காரும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி சக்கரத்தின் கீ வேயில் நுழையும். இரண்டும் சேர்ந்து சுற்றும். சின்ன என்ஜின்களின் ஃபிளைவீலில் இது சாதாரணம்.

கருவியும் இல்லாமல் பாகமும் இல்லாமல் மூன்றாவது வகை ஒன்று உண்டு: அளக்கும் சாமான்கள். அவற்றில் வேலை செய்த தழும்பே இருக்காது. விளிம்பைச் சுற்றி வெவ்வேறு அகல வெட்டுகளும், ஒவ்வொரு வெட்டின் அடியில் ஒரு வட்டத் துளையும், பக்கத்தில் எண்ணும் கொண்ட வட்டத் தகடு கம்பி கேஜ். கம்பியை வெட்டுக்குள் நுழைத்துப் பார்க்க வேண்டும். வட்டத் துளையில் அளப்பதாக நினைப்பவர்கள் அதிகம். அது கம்பி வெளியேற விட்ட இடம் மட்டுமே. இரு முனையிலும் ஒரே அளவு உருளை பதித்த, கண்ணாடி போல இழைத்த எஃகுக் கட்டை என்றால் சைன் பார். இரண்டு உருளைகளின் மையங்களுக்கு இடையே 100 அல்லது 200 மில்லிமீட்டர் போல முழு எண் வந்தால் சந்தேகமே வேண்டாம், கோணம் அமைப்பதற்கானது.

எந்த உலோகம் என்பது முக்கியமா?

மிக முக்கியம், ஏனென்றால் விலை கூடிய உலோகத்தைச் சும்மா போட மாட்டார்கள். இரும்பு போதும் என்ற இடத்தில் பித்தளையோ வெண்கலமோ இருந்தால் அதற்குச் சில காரணங்கள்தான் இருக்க முடியும்: தண்ணீரில் துருப்பிடிக்கக் கூடாது, தீப்பொறி வரக் கூடாது, எதிரே உரசும் எஃகு தேயாமல் தானே தேய வேண்டும், அல்லது காந்தத்தைப் பாதிக்கக் கூடாது. சுத்தியல் தலை பித்தளை என்றால் எரிவாயு, வெடிமருந்து, அல்லது அடிபடும் பொருளில் தழும்பு விழக்கூடாத வேலை என்று யோசிக்கலாம். வெண்கலப் புஷ் (தண்டு சுழலும் வளையம்) சொரசொரவென்று நுண்துளையோடு இருந்தால் அதற்குள்ளேயே எண்ணெய் தங்கும் வகை.

இரண்டு உலோகம் சேர்ந்திருந்தால் இன்னும் சுவாரஸ்யம். வெளியே மரை போட்ட பித்தளை அல்லது வெண்கலப் பிளக், நடுவில் ஊடுருவிப் போகும் துளை, அந்தத் துளையை அடைத்து மிருதுவான ஈயமோ வெள்ளீயமோ. இது நீராவிக் கொதிகலனின் உருகும் பிளக். ரிச்சர்ட் டிரெவிதிக் 1803-இல் கொண்டுவந்த பாதுகாப்பு ஏற்பாடு. தண்ணீர் மட்டம் குறைந்து மேல்தகடு சூடேறினால் நடுவிலுள்ள உலோகம் உருகும், நீராவி நெருப்பின் மேல் பாய்ந்து எச்சரிக்கும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும் என்ற ஒரே விஷயத்தில் ஒரு கொதிகலனின் பாதுகாப்பு நின்றது.

துத்தநாகக் கட்டிக்குள் இரும்புப் பட்டை ஓடினால், கப்பலின் அடிப்பகுதியிலோ தண்ணீர்த் தொட்டியிலோ இரும்புக்குப் பதிலாக அரிக்கப்படுவதற்கென்றே வைத்தது. பாதி அரிக்கப்பட்டு அசிங்கமாகத்தான் கிடைக்கும். அப்படி ஆவதுதான் அதன் வேலை.

காந்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒட்டவில்லை என்றதும் இரும்பு வகையே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பெரும்பான்மை வகைகள் ஒட்டாது.

மரையிலிருந்து என்ன தெரியும்?

எதிர்பார்ப்பதைவிட அதிகம். முதலில் திசை. இடது மரை இருந்தால் அது வேண்டுமென்றே போட்டது. சாதாரண மரை சுழற்சியிலேயே கழன்றுவிடும் இடத்தில் இடது மரை வரும்: சைக்கிளின் இடது பெடல், பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்க நட்டு. அல்லது தவறான ஜோடி சேரக் கூடாது என்பதற்காக: எரியும் வாயுக்களின் இணைப்புகளுக்குப் பொதுவாக இடது மரைதான், நட்டின் மூலைகளில் சின்ன வெட்டும் போட்டிருப்பார்கள். ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை என்றால் நடுவில் சுற்றி இரண்டு பக்கத்தையும் இழுத்து இறுக்கும் டர்ன்பக்கிள்.

அடுத்தது மரையின் முகம். கூரான மரை இறுக்குவதற்கு. சதுரமாகவோ பட்டையாகவோ இருந்தால் நகர்த்துவதற்கு, அதாவது வைஸ், ஜாக்கி, லேத் போன்றவை. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்வு என்றால் பளு ஒரே திசையில்தான் வருகிறது, பிரஸ்ஸில் இப்படி இருக்கும்.

கோணம் அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. இதோடு தொடர்புள்ள இன்னொரு குழப்பம்: விட்வொர்த் ஸ்பேனரில் அரை அங்குலம் என்று போட்டிருக்கும், வாயை அளந்தால் அதைவிட நிறையவே அகலமாக இருக்கும். அந்த எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கிறது, நட்டின் அகலத்தை இல்லை.

பல்சக்கரத்தின் பற்களை எண்ண வேண்டுமா?

கட்டாயம் எண்ணுங்கள். 127 பல் இருந்தால் அநேகமாக அது லேத்தின் மாற்றுச் சக்கரம். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அது 127-ஐ 5-ஆல் வகுத்தால் வரும் எண். அங்குல லேத்தில் மெட்ரிக் மரை வெட்ட அந்தச் சக்கரம் தேவை. 127 பகா எண், வேறு சின்னச் சக்கரங்களால் அதைத் துல்லியமாக ஈடுகட்ட முடியாது.

எல்லா வினோத எண்ணுக்கும் இவ்வளவு ஆழமான காரணம் இருக்காது. ஜோடிச் சக்கரங்களில் ஒரே பல் மறுபடி மறுபடி ஒரே பல்லைச் சந்தித்தால் தேய்மானம் ஓரிடத்தில் குவியும். அதைத் தவிர்க்க ஒரு பல்லைக் கூட்டியோ குறைத்தோ வைப்பார்கள். 40 வர வேண்டிய இடத்தில் 41 இருந்தால் இதுதான் விஷயமாக இருக்கும்.

எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கிறது. எப்படிப் பயன்படுத்துவது?

புடைப்பாக வார்ப்பிலேயே வந்த எண் பெரும்பாலும் வார்ப்பு எண். அச்சால் அடித்து இறக்கிய எண் பாக எண்ணாகவோ அளவாகவோ இருக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

காப்புரிமை எண் கிடைத்தால் அதிர்ஷ்டம். அமெரிக்கக் காப்புரிமைகளின் இப்போதைய வரிசை 1836-இல் ஒன்றிலிருந்து தொடங்கியது, 1911-இல் பத்து லட்சத்தைத் தொட்டது, 1935-இல் இருபது லட்சம், 1961-இல் முப்பது லட்சம். எண்ணை வைத்தே வருடத்தை நெருங்கிவிடலாம், அதைவிட முக்கியமாக ஆவணத்தில் படமும் விளக்கமும் இருக்கும். டி.ஆர்.பி. (D.R.P.) அல்லது டி.ஆர்.ஜி.எம். (D.R.G.M.) என்ற எழுத்துகள் இருந்தால் ஜெர்மன் பதிவு. முதலாவது 1877-க்குப் பிறகு, இரண்டாவது 1891-க்குப் பிறகு. மேல்நோக்கிய மூன்று கோட்டு அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான முத்திரை. அது இருந்தால் ராணுவம், ரயில், தபால் போன்ற பக்கங்களில் தேடலாம்.

வயதைக் கணிக்க முடியுமா?

"இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்று சொல்ல முடியும். பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கில் பிடி இருந்தால் 1907-க்கு முன் இல்லை. கத்தியின் அலகு ஸ்டெயின்லெஸ் என்றால் 1913-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. நட்சத்திரத் தலை பிலிப்ஸ் திருகு 1930-களில் வந்தது. ஆனால் திருகை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், ஆகவே அதை மட்டும் வைத்து முழுச் சாமானின் வயதைச் சொல்ல வேண்டாம்.

அதிகம் கேட்கப்படும் சாமான்கள் எவை?

பித்தளை உறைக்குள் மடங்கும் இரண்டு மூன்று தகடுகள், ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் முக்கோணமாகத் துருத்தும் கூர் அலகு: குதிரைக்கும் மாட்டுக்கும் ரத்தம் எடுக்கப் பயன்பட்ட பழைய மருத்துவக் கருவி. ரத்தக் குழாயின் மேல் வைத்துத் தடியால் தட்டுவார்கள்.

துப்பாக்கிப் பிடி போன்ற குறடு, அழுத்தினால் ஒரு சின்ன ஊசி முன்னே வரும், எதிரே எண்கள் பொறித்த திருப்பக்கூடிய வட்டம்: ரம்பப் பல்லை ஒன்றுவிட்டு ஒன்று வளைக்கும் கருவி. எண்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதைக் குறிக்கும்.

நீளமான மெல்லிய பட்டை, நுனியில் அம்பு மாதிரி விரிந்து இரண்டு பக்கமும் கொக்கி, பிடி மட்டும் படி போலக் கீழிறங்கும்: கூரையில் பதித்த ஸ்லேட் கல்லுக்கு அடியில் நுழைத்து ஆணியை அறுப்பது. பிடியின் அந்தப் படியில் சுத்தியல் தழும்பு கட்டாயம் இருக்கும்.

வாயின் உள்பக்கம் நீளப் பள்ளம் ஓடும் குறடு, திறந்த வளையத்தைப் பிடித்து மூடுவதற்கு. மெத்தை வேலையிலும் கம்பி வேலியிலும் வரும். கண்ணாடி வெட்டியில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் மூன்று வெட்டுகள், ஒட்டினாற்போல மிஞ்சும் குறுகிய கண்ணாடி விளிம்பை ஒடிக்க. பேரிக்காய் வடிவ வளையம், அதில் ஒரு போல்ட், வளைந்த வால் என்றால் லேத் கேரியர்: இரண்டு மையங்களுக்கு நடுவே நிற்கும் தண்டைப் பிடித்துச் சுற்ற வைப்பது.

என் ஊகம் சரியா என்று எப்படி உறுதி செய்வது?

ஊகத்தைச் சாமானின் ஒவ்வொரு அம்சத்திடமும் கொண்டுபோய் நிறுத்துங்கள். இந்த ஓட்டை ஏன்? இந்தச் சரிவு ஏன்? இந்தப் பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது? பத்து அம்சத்தில் ஒன்பதுக்குப் பதில் இருந்து ஒன்றுக்கு இல்லையென்றால் ஊகம் இன்னும் முடியவில்லை. மிஞ்சி நிற்கும் அந்த ஒன்றுதான் பல நேரம் உண்மையான பதிலுக்கு வழி. அப்புறம் ஊகம் சரியென்றால் வேறு என்ன இருக்க வேண்டும் என்று யோசித்து, அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

இரண்டு புகழ்பெற்ற சாமான்களை ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். கிரேக்கத் தீவான ஆன்டிகிதெராவுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் எடுத்த பொருள்களில், பச்சையேறிய வெண்கலக் கட்டி ஒன்றுக்குள் பல்சக்கரம் தெரிவதை 1902-இல் கவனித்தார்கள். இப்போது 82 துண்டுகள், அவற்றில் 30 பல்சக்கரங்கள். அறிவியல் வரலாற்றாய்வாளர் டெரெக் டி சொல்லா பிரைஸ் எக்ஸ்ரே படங்களை வைத்து 1974-இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். 2005-இல் முப்பரிமாண எக்ஸ்ரே எடுத்தபோது எழுத்துகளும் பற்களும் இன்னும் தெளிந்தன. ஒரு சக்கரத்துக்கு 223 பல். கிரகணங்கள் திரும்ப வரும் சாரோஸ் சுழற்சி சரியாக 223 சந்திர மாதம். கருவியின் முதுகிலிருந்த சுருள் அளவுகோலும் அதையே சொன்னது. பல்லும் எழுத்தும் அளவுகோலும் ஒரே பதிலைச் சொன்னதால், அது கிரகணங்களைக் கணிக்கும் கருவி என்ற விளக்கம் நின்றது.

மறுபக்கம், ரோமானியப் பன்னிரண்டு முகக் கூண்டு. வெண்கலம், ஐங்கோண முகங்கள், ஒவ்வொரு முகத்திலும் வெவ்வேறு அளவில் வட்டத் துளை, மூலைகளில் குமிழ்கள். ஏறக்குறைய 4 முதல் 11 சென்டிமீட்டர் அளவில் நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன, பேரரசின் வடமேற்கு மாகாணங்களில் மட்டும். தூரம் அளப்பது என்றார்கள். அப்படியென்றால் அளவுகள் ஏதாவது ஒரு தரத்துக்கு வர வேண்டும், வரவில்லை. கையுறை பின்னுவது என்றார்கள். நூல் ஓடினால் குமிழ்களில் தடம் வேண்டும், அப்படித் தேயவில்லை. எழுதி வைத்த ரோமானியக் குறிப்பு எதுவும் இல்லை. வடிவத்துக்குப் பொருந்தும் ஊகங்கள் ஏராளம், பொருளோடு மோதித் தப்பித்த ஊகம் ஒன்றுமில்லை. இந்த நிலையில் "தெரியவில்லை" என்பதுதான் நேர்மையான பதில், அதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

மற்றவர்களிடம் கேட்கும்போது என்ன தர வேண்டும்?

ஆறு பக்கமும் படம், பக்கத்தில் அளவுகோல், எடை, காந்தம் ஒட்டுமா, எந்தப் பகுதி அசையும், எங்கே கிடைத்தது. அசையும் சாமான் என்றால் திறந்தும் மூடியும் இரண்டு படம். உங்கள் ஊகத்தை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "இது தோல் வேலைக் கருவியா?" என்று கேட்டால் எல்லோர் கண்ணுக்கும் அது தோல் வேலைக் கருவியாகவே தெரிய ஆரம்பிக்கும்.

சாமானைக் கையில் கொடுத்துப் பாருங்கள், முடிந்தால். அந்தத் தொழிலில் கை பழகியவர் பெயர் நினைவுக்கு வருவதற்கு முன்பே அதைச் சரியான விதத்தில் பிடித்துவிடுவார்.

என்ன செய்தும் பதில் கிடைக்கவில்லை. பிறகு?

அது ஒரே ஒரு இயந்திரத்துக்காக ஒரே ஒரு தொழிலாளி செய்துகொண்ட கருவியாக இருக்கலாம். பழைய அரத்தை வளைத்துச் செய்தது, ஸ்பேனரில் துண்டு வைத்து வெல்டு அடித்தது, விளிம்பெல்லாம் கையால் அராவிய தடம், பெயரோ எண்ணோ எங்கும் இல்லை என்றால் அந்த வகை. இவற்றுக்கு எந்தப் பட்டியலிலும் படம் கிடைக்காது. எந்த இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஒரே வழி. அந்த இயந்திரத்தின் எட்டாத இடங்களையெல்லாம் பாருங்கள், எந்த நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போகாது என்று பாருங்கள்.

கிடைத்தது பாதிதான் என்று தோன்றுகிறது. தேடிப் பயனுண்டா?

உண்டு. உடைந்த முகம் மணல் மணலாகத் தெரிந்தால் வார்ப்பு உடைந்திருக்கிறது, மீதி அங்கேயே கிடக்கலாம். சுத்தமான துளையும் அதைச் சுற்றி வளையத் தடமும் இருந்தால் எதுவும் உடையவில்லை, ஒரு பின் மட்டும் கழன்றிருக்கிறது. அந்தத் துளையின் விட்டம், தடத்தின் அகலம், துளையிலிருந்து தேய்ந்த இடம் வரை உள்ள தூரம், மூன்றையும் எழுதி ஒரு சீட்டில் கட்டிச் சாமானோடு வைத்துவிடுங்கள். ஜோடி என்றைக்காவது வேறொரு பெட்டியில் கிடைத்தால் அளவைப் பார்த்தே சேர்த்துவிடலாம்.